முன்னரே தெரிந்த குற்றவாளி

மக்களுள் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் குற்றவாளிக் கூண்டையோ காவல் நிலையத்து விசாரணை அறையையோ கண்டதில்லை. காணாதிருப்பதையே நற்பேறாகவும் கருதுவர். அத்தகையோரிடம் மருத்துவமனையைப் பற்றிக் கேட்டால் தாம் பட்டதைச் சொல்வர். பள்ளியைப் பற்றிக் கேட்டால் தாம் படித்த காலத்தைச் சொல்வர். காவல்துறையைப் பற்றியும் நீதிமன்றத்தைப் பற்றியும் கேட்டாலோ, சொந்த அனுபவம் ஏதுமின்றியே உறுதியான விடை வரும். குற்றம் செய்தவன் எப்படியும் அகப்படுவான். அவன் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க வல்ல ஓர் அதிகாரி இருந்தால் போதும். வழக்கறிஞர்கள் குறுக்கே வாராதிருந்தால் இன்னும் நல்லது. ஒன்றையும் நேரில் காணாதவர் உள்ளத்தில் இத்துணை உறுதியான கருத்துகள் எங்கிருந்து வந்து குடியேறின என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

துப்பறியும் கதை தமிழர்க்குப் புதியதன்று. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய நாவல்களை ஒரு தலைமுறை விரும்பிப் படித்தது. ஆனால் நாவலைப் படித்தவர், நூலை மூடியதும் கதையும் முடிந்தது என்பதை அறிந்திருந்தனர். தொலைக்காட்சித் தொடர் அவ்வாறன்று. வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த நேரத்தில் அது வீட்டுக்குள் வருகிறது. அதே காவல் அதிகாரி பல்லாண்டுகள் வந்துகொண்டேயிருக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் முகத்தைவிட அவர் முகம் பழகிப்போகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டில் தொடங்கியது. அமெரிக்கத் தொடர்கள் தொடக்கக் காலந்தொட்டே இங்குள்ள வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் எழுந்த உள்நாட்டுக் காவல்துறைத் தொடர்களும் பெரிதும் அவ்வார்ப்பையே தழுவின. ஆதலின் அவ்வார்ப்பு எங்கே, யாரால் செய்யப்பட்டது என்பதை முதலில் அறிதல் நலம்.

1949ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலியில் தொடங்கி, 1951ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக்கு வந்தது ‘டிராக்நெட்’ என்னும் தொடர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறையைச் சேர்ந்த சார்ஜன்ட் ஜோ ஃபிரைடே என்பவரின் கதை அது. ஜாக் வெப் அத்தொடரை உருவாக்கித் தாமே அப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். காட்டப்படும் கதை உண்மையென்றும், பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டுள்ளன என்றும் அறிவித்துவிட்டே அத்தொடர் தொடங்கும். அறிவிப்பு பொய்யன்று. கதைகளுக்கு மூலம் அந்நகரக் காவல்துறையின் கோப்புகளே. ஆனால் கோப்புகளைத் தந்த காவல்துறை, கதை ஒளிபரப்பாகுமுன் அதனைப் படித்துப் பார்க்கவும் செய்தது. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவன் எத்துணை மதிப்பெண் பெறுவான் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

அத்தொடரில் வரும் காவலர் நேர்மையானவர், சலிப்பறியாதவர், குரலை உயர்த்தாதவர். அத்தகைய காவலர் அந்நகரில் உண்மையாகவே இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. எனினும் அதே நகரில் வாழ்ந்த கறுப்பின மக்களும் மெக்சிக்கோ வழியினரும் வேறொரு காவல்துறையை அறிந்திருந்தனர். 1965 ஆகஸ்டு மாதத்தில், நெடுஞ்சாலைக் காவலர் ஒரு காரை நிறுத்தியதில் தொடங்கி, வாட்ஸ் என்னும் பகுதியில் மூண்ட கலவரம் ஆறு நாள் நீடித்தது. 34 பேர் மாண்டனர். லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருந்த அமெரிக்கர்க்கு அது வானத்திலிருந்து விழுந்த இடி. வாட்ஸ் மக்களுக்கு அது இடியன்று. நெடுநாள் கூடிய மேகம்.

காவல்துறை தன் புகழைத் தானே பாடிக்கொண்டது என்பதோடு இவ்வகைத் தொடர்களின் மீதான குற்றச்சாட்டு முடிந்துவிடுமாயின், அது சிறிய குற்றச்சாட்டே. எல்லா நிறுவனங்களும் அதனைச் செய்கின்றன. ஆழமான சிக்கல் ஒன்று கதையின் அமைப்பிலேயே இருக்கிறது. காவல்துறையை ஒரு சொல்லும் பொய்யாகப் புகழாத, நயமும் அறிவும் நிறைந்த தொடர்களிலும் அது இருக்கிறது.

1971ஆம் ஆண்டு முதல் தொடராக வந்த ‘கொலம்போ’வை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பீட்டர் ஃபாக் நடித்த அக்காவல் அதிகாரி, கசங்கிய மேலங்கி அணிந்தவர், எவரையும் அடிப்பதில்லை, துப்பாக்கியை நாடுவதுமில்லை. அவரைக் குறைகூற எவர்க்கும் மனம் வாராது. ஆனால் அத்தொடரில் பெரும்பாலான கதைகளின் தொடக்கத்திலேயே கொலை காட்டப்பட்டுவிடும். கொலையாளி யார், எப்படிச் செய்தான், எதை எங்கே ஒளித்தான் என்பனவெல்லாம் பார்ப்பவர்க்குத் தெரியும். பிறகு வரும் ஒரு மணி நேரமும், தெரிந்த ஒன்றை அதிகாரி எப்படிக் கண்டடையப்போகிறார் என்னும் ஆவலே. ஏனைய தொடர்களில் கொலையாளி இறுதியில்தான் வெளிப்படுகிறான் என்றாலும் நிலை ஏறத்தாழ அதுவே. முடிவில் ஐயத்துக்கு இடமின்றி அவன் வெளிப்படுவான் என்பது உறுதி. பெரும்பாலும் தானே ஒப்புக்கொள்வான். கதாநாயகரான காவலர் ஒருவனை வெறுத்தால், அவ்வெறுப்பு சரியானதே என்பதைக் கதை பின்னர் மெய்ப்பித்துவிடும்.

பார்ப்பவர்க்கு இங்கு வழங்கப்படுவது கடவுளுக்கு மட்டுமே உரிய இருக்கை. மெய்யாக நடந்தது இன்னதென்று அறிந்தவராக அவர் அமர்ந்திருக்கிறார். நடைமுறை உலகில் காவலர்க்கும் நீதிபதிக்கும் அவ்விருக்கை வாய்ப்பதேயில்லை. அவர்கள் அறியாதவர்கள்; அறிந்ததாக எண்ணி ஏமாறவும் கூடியவர்கள். சோதனையிடுமுன் ஆணை பெறவேண்டும் என்பதும், கைதானவர் வழக்கறிஞரைக் காணலாம் என்பதும், குற்றத்தை மெய்ப்பிக்கும் கடமை குற்றம் சாட்டியவரையே சாரும் என்பதும் இந்த அறியாமையை முன்னிட்டு ஏற்பட்டவை. தெரிந்தவர் இருக்கையிலிருந்து பார்ப்பவர்க்கு, தெரியாதவர்க்காகச் செய்யப்பட்ட இவ்வேற்பாடுகள் யாவும் வீண் தடைகளாகவே தோன்றும். கொலையாளி எதிரே நிற்கிறான். சட்டம் படிவங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது! அத்தகைய காட்சியைக் கண்டு சினங்கொள்ளாதவர் அரியர். அச்சினம் தொடர் முடிந்ததும் தணிந்துவிடுவதில்லை. மறுநாள் செய்தித்தாளில் ஒருவன் கைதானதைப் படிக்கும்போது, அவனைப் பற்றி ஏதும் அறியாத நிலையிலும், அது மீண்டும் எழுகிறது.

உண்மையை முன்னரே அறிந்தவராகப் பார்ப்பவரை ஆக்குவது புதிய உத்தியன்று. இளங்கோவடிகள் அதனையே கையாண்டார். ஆனால் முற்றிலும் வேறான பயனுக்காக. சிலப்பதிகாரத்தைப் படிப்பவர்க்குக் கோவலன் கள்வனல்லன் என்பது தெரியும். சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன் என்பதும் தெரியும். பாண்டியனுக்குத்தான் தெரியாது. ஊடிய தேவியை நாடிச் சென்றுகொண்டிருந்த மன்னன், வழியில் ஒருவன் சொன்னதைக் கேட்டு, ஆராயாமல் ஆணையிடுகிறான். அவ்விடத்தில் படிப்பவர் உள்ளத்தில் எழுவது மன்னனின் விரைவைக் கண்ட மகிழ்ச்சியன்று, அச்சம். இன்னும் ஒரு கேள்வி கேட்கமாட்டானா, ஒரு நாழிகை பொறுக்கமாட்டானா என்னும் தவிப்பு. பின்னர்க் கண்ணகி அவையில் காட்டிய சான்று மிக எளியது. சிலம்பை உடைத்தால் உள்ளிருப்பது மாணிக்கமா முத்தா என்பது தெரிந்துவிடும். அச்சோதனையைக் கோவலன் உயிரோடிருந்தபோதே செய்திருக்கலாம். அரண்மனையில் சிலம்பைக் கொணர ஆளா இல்லை? தொலைக்காட்சித் தொடர் பார்ப்பவரைத் தெரிந்தவராக ஆக்கி அதிகாரத்தின் விரைவை விரும்பச் செய்கிறது. சிலப்பதிகாரமோ படிப்பவரைத் தெரிந்தவராக ஆக்கி அதே விரைவை அஞ்சச் செய்கிறது. இவ்விரண்டையும் ஒரே வகுப்பறையில் அருகருகே வைத்துப் பேசினால், மாணவர்க்கு வழக்குரை காதையும் விளங்கும். நேற்றிரவு பார்த்ததும் விளங்கும்.

இந்த அறிவு மயக்கம் எந்த எல்லைவரை செல்லும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றுண்டு. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய ‘24’ என்னும் தொடரின் நாயகன், பயங்கரவாதிகளைச் சித்திரவதை செய்து உண்மையைப் பெறுபவன். குண்டு எங்கோ வைக்கப்பட்டுள்ளது, பிடிபட்டவனுக்கு இடம் தெரியும், நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. இவன் சதிகாரனே என்று பார்ப்பவர்க்கும் கதை காட்டியிருக்கும். ஆகவே விரலை முறித்தாலும் அது அறமாகவே தோன்றும். 2006 நவம்பரில், வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்விக்கழகத்தின் கல்வித் தலைவராயிருந்த பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபினகன், விசாரணையில் பழுத்த அனுபவமுடைய சிலரை உடனழைத்துக்கொண்டு, அத்தொடரை எடுத்தவர்களைக் கலிபோர்னியாவில் நேரில் சந்தித்தார். போர்ச் சட்டத்தைப் படிக்க வந்த மாணவர்கள் அத்தொடரைப் பார்த்துச் சித்திரவதையை நியாயமெனக் கருதத் தலைப்பட்டுள்ளனர் என்பதே அவர் கவலை. உடன் சென்றவர்களோ, தொழிலறிந்தவர்கள் என்ற முறையில், வலியால் வருவது உண்மையன்று, வலியை நிறுத்தக்கூடிய சொல் எதுவோ அதுதான் என்றனர். பகைவரை விசாரிப்பதையே தொழிலாகக் கொண்டோர் பொழுதுபோக்குத் தொடரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தது வியப்புக்குரியதே.

இவ்வளவும் கூறியபின் எதிர்ப்பக்கத்தையும் கூறாவிடின் அது நடுவுநிலையாகாது. 1957 முதல் 1966 வரை வந்த ‘பெரி மேசன்’ தொடரின் நாயகர் காவலரல்லர். குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம் நிற்கும் வழக்கறிஞர். நியூயார்க்கில் எளிய குடும்பமொன்றில் பிறந்த ஒரு சிறுமி அத்தொடரைப் பார்த்தே சட்டத்தின்மேல் ஆர்வங்கொண்டார். அவரே 2009ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமயர். பெரி மேசனைப் படைத்த எழுத்தாளர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தாமும் வழக்கறிஞரே. தம் கதைகளில் உண்மைக் குற்றவாளி சாட்சிக் கூண்டிலேயே உடைந்து ஒப்புக்கொள்வதை எழுதிய அவர், நடைமுறையில் அப்படி எவரும் எழுந்து ஒப்புக்கொள்வதில்லை என்பதை நன்கறிந்திருந்தார் போலும். தவறாகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் கிடப்போரின் வழக்குகளை மறுபடி ஆராய்வதற்கென்றே, 1948ஆம் ஆண்டில் அறிஞர் சிலரைச் சேர்த்து ஒரு குழுவை அமைத்தார்.

இன்னொன்றும் உண்டு. 1966ஆம் ஆண்டில், மிராண்டா வழக்கில், கைதானவரை வினவுமுன் அவருடைய உரிமைகளைக் காவலர் எடுத்துரைக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதித்தது. பேசாதிருக்க உரிமையுண்டு, பேசுவது எதிராகப் பயன்படுத்தப்படலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், இயலாதார்க்கு அரசே ஏற்பாடு செய்யும். அடுத்த ஆண்டே மீண்டும் தொடங்கிய ‘டிராக்நெட்’டில் ஜோ ஃபிரைடே அவ்வாசகத்தைச் சொல்லலானார். பின்வந்த தொடர்களெல்லாம் அதனைப் பின்பற்றின. 2000ஆம் ஆண்டில் அத்தீர்ப்பை மாற்றுமாறு ஒரு வழக்கு வந்தபோது, அவ்வெச்சரிக்கை நாட்டின் பண்பாட்டிலேயே கலந்துவிட்டது என்று கூறி நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டக் கல்லூரிகள் அனைத்தும் சேர்ந்தும் செய்யவியலாத ஒன்றைத் தொலைக்காட்சி செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அவ்வாசகத்தைக் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அமர்ந்து மனப்பாடம் செய்தவர்களின் நிலை என்ன? அவர்கள் கற்றது பிற நாட்டுச் சட்டம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதி, கைதின் காரணத்தை அறியவும் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. அதன்பின் மாஜிஸ்திரேட்டின் ஆணைபெற்றுத் தடுத்து வைக்கலாம். கடுங்குற்றங்களில் அது மொத்தம் 14 நாள்வரை செல்லலாம். காவலரிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் கொடுத்தவர்க்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தலாகாது என்பது, சில விலக்குகளோடு, 2007 முதல் நடைமுறையிலுள்ள பொதுவிதி. திரையில் கதையை முடித்துவைக்கும் அந்த ஒப்புதல் காட்சிக்கு இங்கு நீதிமன்றத்தில் பெரும்பாலும் இடமில்லை. சிங்கப்பூரிலோ நிலை வேறு. அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு வாசித்துக் காட்டப்படும் அறிவிப்பு, தற்காப்புக்கான செய்தியை இப்போதே சொல்லுமாறும், பின்னர் நீதிமன்றத்தில் சொன்னால் நம்பப்படும் வாய்ப்புக் குறையக்கூடும் என்றும் கூறுகிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த இவ்வேற்பாடு இன்றும் உள்ளது. அமெரிக்கத் தொடரில் கற்ற பாடத்தை நம்பி வாய் திறவாதிருப்பவர் அங்குத் தமக்கே தீங்கு தேடிக்கொள்ளக்கூடும். ஜூரிகளை நோக்கி வழக்கறிஞர் உருக்கமாகப் பேசும் காட்சியும் அவ்வாறே. சிங்கப்பூர் 1970ஆம் ஆண்டிலும் மலேசியா 1995ஆம் ஆண்டிலும் ஜூரி முறையை முற்றிலும் கைவிட்டன. தம் பாட்டனார் ஊரின் சட்டமும் தெரியாது, தாம் வாழும் ஊரின் சட்டமும் தெரியாது, காணாத ஊரின் சட்டம் மட்டும் தெரியும் என்னும் நிலையிலுள்ள இளைஞர் பலர்.

2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சி.எஸ்.ஐ.’ என்னும் தொடரால் நம்பிக்கை இன்னோரிடத்துக்குப் பெயர்ந்தது. காவலரின் கூர்மையான கண்ணைவிட ஆய்வுக்கூடத்தின் கருவி நம்பத்தக்கதாயிற்று. மனிதன் பொய் சொல்வான். மயிரிழை பொய் சொல்லாது என்பது அதன் கோட்பாடு. 2006ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் ஜூரிகளாக அழைக்கப்பட்ட ஏறத்தாழ 1,000 பேரிடம் நீதிபதி ஒருவர் நடத்திய ஆய்வில், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் ஏதேனும் அறிவியற் சான்று இருக்கும் என 46 விழுக்காட்டினர் எதிர்பார்த்தனர். ஒவ்வொன்றிலும் மரபணுச் சான்றையே எதிர்பார்த்தவர் 22 விழுக்காட்டினர். அத்தொடரைப் பார்ப்பதே தீர்ப்பை மாற்றிவிடுகிறது என்று அவ்வாய்வு நிறுவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆயினும் மயிரிழை பொய் சொல்லாவிடினும் மயிரிழையைப் பார்ப்பவர் தவறலாமன்றோ? 2004ஆம் ஆண்டு மாட்ரிட் இரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த கைரேகையை ஆராய்ந்த அமெரிக்க எஃப்.பி.ஐ. நிறுவனம், அது ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையதே என உறுதியாகக் கூறி அவரைச் சிறைவைத்தது. அது வேறொருவருடையது என்பதை ஸ்பெயின் காவல்துறை கண்டறிந்தபின் மன்னிப்புக் கேட்டது. மயிரிழை ஒப்பீடு பற்றித் தன் வல்லுநர்கள் நீதிமன்றங்களில் சொன்ன சாட்சியங்களை ஆராய்ந்து பார்த்ததில், அவற்றுள் 90 விழுக்காட்டுக்குக் குறையாதவை பிழையுடையன என்பதை 2015ஆம் ஆண்டில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இங்கும் இளங்கோவடிகளை நினைக்காதிருத்தல் இயலாது. கோவலனைக் கொல்லச் சென்ற காவலர் தயங்கினர். இவன் முகம் கள்வன் முகமன்று என்றனர். அத்தயக்கத்தைப் போக்கியது எது? பொற்கொல்லனின் வாளன்று, அவனது கல்வி. கள்வர் கையாளும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டினையும் நூல்வழி வரிசைப்படுத்தி அவன் விரித்துரைத்தான். அறிந்தவன் பேசுகிறான் என்று கண்டதும் வெட்டுவதற்கு ஒருவன் முன்வந்தான்.

2009 ஜனவரியில், கார்த் திருட்டுத் தொடர்பாகச் சிலாங்கூரில் கைதான 22 வயது இந்திய இளைஞர் ஒருவர் காவல் நிலையத்திலேயே இறந்தார். அவர் திருடினாரா இல்லையா என்பதை எந்த நீதிமன்றமும் கேட்டறியவில்லை, கேட்பதற்குள் இறந்துவிட்டார். ஆயினும் அத்தகைய செய்திகளைப் படிக்கும்போது, ‘அவன் என்ன உத்தமனா?’ என்று சொல்லி நாளிதழை மடித்து வைப்போரைத் தமிழர் இல்லங்களிலும் காணலாம். திரையில் அமர்ந்த இருக்கையை விட்டு அவர்கள் இன்னும் எழவில்லை. அவ்விளைஞரின் உடல் இருமுறை சவப்பரிசோதனை செய்யப்பட்டது. நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது முதல் அறிக்கை. குடும்பத்தார் வற்புறுத்தலால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனையோ, அடிபட்டுத் தசைகள் சிதைந்ததனால் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தார் என்றது. உடல் ஒன்று, மருத்துவ அறிவியலும் ஒன்று, விடைகள் இரண்டு.

தாயார் வழக்குத் தொடுத்தார். நான்காண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 2013 ஜூன் மாதத்தில், காவல்துறையும் அரசும் அம்மரணத்துக்குப் பொறுப்பு என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணகி கையில் இருந்தது மற்றொரு சிலம்பு; இத்தாயின் கையில் இருந்தது மற்றோர் அறிக்கை. வழக்கறிஞர், குறுக்கு விசாரணை, சான்றுகளைப் பற்றிய வாதம், ஆண்டுக்கணக்கான காத்திருப்பு எனத் திரையில் குற்றவாளி தப்பும் வழிகளாகக் காட்டப்படுபவை யாவும் அவ்வழக்கில் அத்தாயின் பக்கம் நின்றன.